கசியாமல் பிடித்து வைப்பது: வீட்டில் செய்யும் மின்தேக்கியின் சூட்சுமம்

ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அலுமினியத் தாள், கொஞ்சம் உப்புத் தண்ணீர், ஒரு கம்பி. நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி செய்ய இவ்வளவு போதும். கால் மணி நேர வேலை. ஆனாலும் செய்து பார்ப்பவர்களில் பலர், "தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம், ஒரு பொறிகூட வரவில்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். செய்முறையில் பெரும்பாலும் தப்பு இருக்காது. இந்தக் கருவியில் மின்னூட்டத்தை ஏற்றுவது சுலபம், ஏற்றியதைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் செய்முறை பாதிதான்.

மின்தேக்கி என்பது அடிப்படையில் இரண்டு மின்கடத்திகள், நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு தடுப்பு. நம் டம்ளரில் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் ஒரு கடத்தி, வெளியே சுற்றிய அலுமினியத் தாள் இன்னொன்று, டம்ளரின் சுவர்தான் தடுப்பு. உள்ளே எதிர்மின்னூட்டத்தை ஏற்றினால், அது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலக்ட்ரான்களைத் தள்ளி விரட்டுகிறது. அவை கை வழியாகவோ கம்பி வழியாகவோ தரைக்கு ஓடிவிட, வெளித் தாளில் நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீருக்குள் மின்சாரம் கரைந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் இங்கே சுவரை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கடத்தி, அவ்வளவுதான்.

முதன்முதலில் இதைக் கண்டவர்களும் தண்ணீரில்தான் மின்சாரம் சேர்கிறது என்று நினைத்தார்கள். 1745 அக்டோபரில், பால்டிக் கடலோரப் பகுதியான பொமரேனியாவில் எவால்ட் கேயோர்க் ஃபான் கிளைஸ்ட் என்ற பாதிரியார், திரவம் ஊற்றிய ஒரு சிறு மருந்துப் புட்டியில் ஆணியைச் செருகி, உராய்ந்து மின்சாரம் உண்டாக்கும் இயந்திரத்தால் மின்னேற்றினார். ஆணியைத் தொட்டபோது விழுந்த அடி அவரைத் திகைக்க வைத்தது. பலருக்கும் கடிதம் எழுதினார். படித்தவர்கள் செய்து பார்த்தார்கள், முதலில் யாருக்கும் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், பேராசிரியர் பீட்டர் ஃபான் முஷன்புரூக்கின் ஆய்வுக்கூடத்திலும் இதே விஷயம் வெளிப்பட்டது. 1746 ஜனவரியில் அவர் பாரிஸுக்கு எழுதிய கடிதத்தில், பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை அந்த அடியை வாங்க மாட்டேன் என்ற பொருளில் எழுதினார். அங்கே அபே நொல்லே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அந்தக் கருவிக்கு லெய்டன் ஜாடி என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. நம் டம்ளரும் அந்த வகை ஜாடிதான். அரசர் பதினைந்தாம் லூயி பார்க்க, 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, ஜாடியை அவர்கள் வழியாக நொல்லே வெளியேற்றிக் காட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் துள்ளினார்களாம்.

கிளைஸ்டின் கடிதத்தைப் படித்தவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? காரணம் கை. மின்னேற்ற வேண்டிய பொருளைத் தரையிலிருந்து நன்றாகப் பிரித்து, மின்கடத்தாத பீடத்தின் மேல் வைக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு விஷயம் தெரிந்தவர்கள் பின்பற்றிய விதி. புட்டியையும் அப்படியே வைத்தார்கள். கிளைஸ்ட் புட்டியைக் கையில் பிடித்திருந்தார். அது முக்கியம் என்பது கடிதத்தில் சரியாக விளங்கவில்லை. லெய்டனில் அதைக் கையில் பிடித்தபடி செய்தவர் ஆந்திரேயாஸ் குனேயஸ் என்ற வழக்கறிஞர், ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தவர். விதி தெரியாதவர் என்பதால்தான் அவருக்கு அது வசப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

கைக்கு என்ன அவ்வளவு மகத்துவம் என்பதை எண்களில் பார்த்தால் சட்டென்று புரியும். ஒரு பொருள் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் என்பதுதான் அதன் மின்தேக்குத்திறன். தனியாக நிற்கும் ஒரு பொருளுக்கு இது மிகச் சொற்பம். 4 செ.மீ. ஆரமுள்ள ஓர் உலோக உருண்டைக்கு அது 4.5 பைக்கோஃபாரட்தான் (ஃபாரட் இதன் அலகு, பைக்கோ என்றால் அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). டம்ளர் அளவுள்ள எந்தப் பொருளும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் வரும். இப்போது டம்ளரின் சுவருக்கு வெளியே தாள் சுற்றி, அதைத் தரையோடு இணைத்துப் பாருங்கள். தாளின் பரப்பு 150 சதுர செ.மீ., சுவரின் தடிமன் 0.5 மி.மீ., பிளாஸ்டிக் பாலிப்ரொப்பிலீன் வகை என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்குத்திறன் சுமார் 600 பைக்கோஃபாரட் ஆகிறது. அதே டம்ளர், அதே தண்ணீர், நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெளித் தாளில் கையையோ தரைக் கம்பியையோ வைக்காமல் மின்னேற்றினால், விரட்டப்பட்ட எலக்ட்ரான்களுக்குப் போக்கிடம் கிடையாது. பழையபடி சில பைக்கோஃபாரட்தான். இன்றைக்கும் ஜாடியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூர நின்று மின்னேற்றுபவர்கள் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். நேரான, வழவழப்பான சுவருள்ள பிளாஸ்டிக் டம்ளர் அல்லது மூடியுள்ள டப்பா நல்லது. வெளிப்பக்கம் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். உள்ளே அதே உயரத்துக்கு உப்புத் தண்ணீர். மூடியின் நடுவே ஒரு தடித்த கம்பி, அதன் கீழ் முனை தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மேல் முனையில் அலுமினியத் தாளை இறுக்கி உருட்டிய, 2 செ.மீ. அளவுள்ள ஓர் உருண்டை. முடிந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். உள்ளேயும் அலுமினியத் தாளையே ஒட்டினால் என்ன? ஒட்டலாம், 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் வில்லியம் வாட்சனும் ஜான் பெவிஸும் தண்ணீருக்குப் பதிலாக உலோகத் தகட்டுப் பூச்சைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் முதல் முறை செய்பவருக்கு நான் தண்ணீரைத்தான் சொல்வேன். குறுகலான டம்ளருக்குள் கையை விட்டுத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது லேசில்லை. அங்கங்கே இடைவெளி விழும். சுவருக்கும் தாளுக்கும் நடுவே அரை மி.மீ. காற்று இருந்தாலே போதும், அந்த இடத்தில் மின்தேக்குத்திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காற்றுக்குப் பிளாஸ்டிக் அளவுக்கு மின்புலத்தைத் தணிக்கும் சக்தி இல்லை என்பதால் வரும் வினை இது. போதாததற்கு, அரை மி.மீ. காற்று சுமார் 2,500 வோல்ட்டிலேயே உடைந்து தீப்பொறி விடும். பாலிப்ரொப்பிலீன் சுவரோ அதே தடிமனில் 10,000 வோல்ட்டைத் தாங்கும். தண்ணீருக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஒவ்வொரு வளைவையும் தானாகத் தொட்டுக்கொள்ளும்.

தண்ணீரில் இருக்கும் ஒரே கெடுதல், ஊற்றும்போது மேல் சுவரில் தெறிப்பது. தெறித்த உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் அதன் தடம் விளிம்பு வரை ஒரு பாதை போட்டுவிடும். புனலை அடி வரை இறக்கி ஊற்றுங்கள். அப்புறம் விளிம்பையும் மேல் சுவரையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். வெளித் தாளை விளிம்பு வரை இழுத்து ஒட்டாமல் மூன்று, நான்கு செ.மீ. விடுவதும் இதனால்தான். காற்றில் தாண்ட முடியாத தூரத்தைக்கூடப் பொறி ஒரு பரப்பின் மீது ஊர்ந்து தாண்டிவிடும். பரப்பில் தூசியோ விரல் ரேகையின் பிசுக்கோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மின்னேற்ற, அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பிவிசி குழாய், தேய்க்க ஒரு கம்பளித் துணி. ஒரு கையால் ஜாடியின் வெளித் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். துணியால் தேய்த்த குழாயை, உருண்டைமேல் நீளவாக்கில் மெல்ல இழுங்கள். ஓர் இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு எடுத்தால் பயனில்லை. குழாய் மின்கடத்தி அல்ல என்பதால், தொட்ட இடத்து மின்னூட்டம் மட்டும்தான் இறங்கும், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். இழுக்கும்போது சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்கும். கேட்டால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

எத்தனை முறை தேய்க்க வேண்டும்? காற்று உடையாமல் ஒரு பரப்பில் தங்கக்கூடிய மின்னூட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோகூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 3 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 30 செ.மீ. நீளத்தைத் தேய்த்தால், எல்லாம் கூடிவந்தாலும் 0.75 மைக்ரோகூலுமுக்கு மேல் அதில் நிற்காது. நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதிலும் கொஞ்சம்தான் ஜாடிக்குள் இறங்கும். நம் 600 பைக்கோஃபாரட் ஜாடியை 10,000 வோல்ட்டுக்கு ஏற்ற 6 மைக்ரோகூலும் வேண்டும். ஆக, பல பத்து தடவை தேய்த்தாக வேண்டும். இடையில் கசிவு இல்லாமல் இருந்தால்.

அந்த "இருந்தால்" என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நொடிக்கு 0.2 மைக்ரோகூலும் வீதம் ஒருவர் விடாமல் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டமாகச் சொன்னால் 0.2 மைக்ரோஆம்பியர். காற்றில் ஈரம் அதிகமானால் பிளாஸ்டிக் பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான மின்தடை 100 கோடி ஓமுக்கு இறங்கிவிட்டது என்போம். கேட்க என்னவோ பெரிய எண்தான். ஆனால் அந்த மின்தடை வழியாக 0.2 மைக்ரோஆம்பியர் கசிய வெறும் 200 வோல்ட் போதும். அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் ஏறுவதும் கசிவதும் சமமாகிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கும் கதை. தேய்ப்பதை நிறுத்தினால் அரை நொடிக்கும் சற்று அதிகமான நேரத்தில் அதிலும் பெரும்பகுதி போய்விடும். அதே ஜாடியின் மின்தடை ஒரு லட்சம் கோடி ஓமாக இருந்தால், ஏற்றிய மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து நிமிடம் கழித்தும் இருக்கும். டம்ளர் ஒன்றுதான், செய்தவர் ஒருவர்தான், மாறியது பரப்பின் ஈரம் மட்டும்.

அதனால் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் செய்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மா" என்று முடிவு கட்டாதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் ஜாடியின் மேல் பகுதி, குழாய், துணி மூன்றையும் சற்றுச் சூடாக்கிவிட்டு உடனே செய்தால், அதுவரை சோம்பிக் கிடந்தது சட்டென்று உயிர் பெறும்.

கசிவுக்கு இன்னொரு வழி கூர்முனை. கம்பியின் மேல் முனையை அப்படியே விட்டுவிட்டால், அந்த ஊசிமுனையில் மின்புலம் குவிந்து, சுற்றியுள்ள காற்றையே மின்கடத்தியாக்கிவிடும். இருட்டில் பார்த்தால் சில சமயம் மங்கிய நீலப் புள்ளி தெரியும், கூர்ந்து கேட்டால் "உஸ்" என்ற சத்தம். சேர்த்தது அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. உருண்டை வைக்கச் சொன்னது அழகுக்கு இல்லை. வெளித் தாளின் மேல் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து மழுங்கலாக ஒட்டினால் நல்லது.

"பெரிய ஜாடி செய்தால் பெரிய பொறி வருமா?" என்பது அடுத்து வரும் கேள்வி. கையால் தேய்த்து ஏற்றும்போது அநேகமாக வராது. நம்மிடம் இருக்கும் மின்னூட்டம் குறிப்பிட்ட அளவுதான். அதே மின்னூட்டத்தை இரு மடங்கு மின்தேக்குத்திறன் உள்ள ஜாடியில் ஊற்றினால் மின்னழுத்தம் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். பொறியின் நீளத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். வழவழப்பான இரு உருண்டைகளுக்கு நடுவே காற்றை உடைக்க மி.மீ.க்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும், எனவே 3 மி.மீ. பொறி பாய்ந்தால் உத்தேசமாக 10,000 வோல்ட். சிறிய ஜாடி சீக்கிரம் ஏறும், நீளமாகப் பொறி விடும். பெரியதற்கு அதிக நேரம் தேய்க்க வேண்டும், அத்தனை நேரமும் கசிவு வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு ஃபாரட் மின்தேக்கியை இதே பிளாஸ்டிக்கில் செய்வதென்றால் தாளின் பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அளவைக் கூட்டும் ஆசை தானாக அடங்கும்.

வெளியேற்றும்போது விரலை நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட, வளைந்த தடித்த கம்பி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனையை முதலில் வெளித் தாளில் அழுத்தி வைத்துவிட்டு, மறுமுனையை உருண்டையை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனால் "டப்" என்று பொறி தாவும். பொறி வரவில்லை என்றாலும் ஏமாற வேண்டாம். லைன் டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே எரியத் தொடங்கும். விளக்கை மட்டும் தனியே எடுத்து, அதன் ஒரு காலை வெளித் தாளோடு இணைத்து, மறு காலிலிருந்து பிளாஸ்டிக் உறையுள்ள கம்பி ஒன்றை உருண்டைக்குக் கொண்டுபோங்கள். ஒரு மின்னல் மின்னினால் ஜாடியில் ஏதோ இருக்கிறது என்று தெரியும்.

இதில் அடங்கியிருக்கும் ஆற்றல் எவ்வளவு? 600 பைக்கோஃபாரட்டும் 10,000 வோல்ட்டும் சேர்ந்தால் 30 மில்லிஜூல். ரிமோட்டில் போடும் ஒரு பென்சில் பேட்டரியில் ஏறக்குறைய 10,000 ஜூல் இருக்கிறது, நம் ஜாடியைப் போல மூன்று லட்சம் மடங்கு. ஆகவே இதை வைத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று யாராவது காணொளி போட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆற்றல் அற்பம், ஆனால் ஒரு நொடியின் மிகச் சிறு பின்னத்தில் மொத்தமும் கொட்டுகிறது. அதனால்தான் அந்தச் சத்தமும் வெளிச்சமும், தெரியாமல் தொட்டுவிட்டால் முழங்கை வரை வாங்கும் அந்த வெட்டும்.

அற்பம் என்பதால் அலட்சியம் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்த நிலையில் பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு அளவே போதும். ஜாடியில் இருப்பது அதற்கு நூறு மடங்கு. எரியும் திரவமோ வாயுவோ உள்ள இடத்தில் இந்த விளையாட்டே வேண்டாம். போன், கணினி போன்றவற்றைத் தள்ளி வையுங்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது, சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் செய்ய வேண்டும். பல ஜாடிகளை இணைத்து அடுக்குவது, வீட்டு மின் இணைப்பிலிருந்தோ உயர் மின்னழுத்தக் கருவிகளிலிருந்தோ மின்னேற்றுவது இரண்டும் வேறு கணக்கு. சில ஜூல்களைத் தாண்டிவிட்டால் அது பரிசோதனை அல்ல, 10 ஜூல் அளவில் உயிருக்கே உலை. பெஞ்சமின் ஃபிராங்க்ளினே 1750 டிசம்பரில், பெரிய ஜாடிகளில் ஏற்றிய மின்சாரத்தால் ஒரு வான்கோழியைக் கொல்லப் போய், அடியைத் தானே வாங்கி நினைவிழந்தார். பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்கும் மெக்கானிக், முதல் வேலையாக அந்தப் படக்குழாயின் மின்னூட்டத்தை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளும் புறமும் மின்கடத்திப் பூச்சு, நடுவே கண்ணாடி. அதுவும் ஒரு லெய்டன் ஜாடிதான், 25,000 வோல்ட் வரை ஏறியது.

அந்த ஃபிராங்க்ளின்தான் தண்ணீரைப் பற்றிய பழைய எண்ணத்தையும் உடைத்தார். மின்னேற்றிய ஜாடியின் தண்ணீரை வேறு புட்டிக்கு மாற்றிப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. பழைய ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றினார், அடி விழுந்தது. அதனால் மின்னூட்டம் கண்ணாடியில்தான் இருக்கிறது என்றார். பாடப் புத்தகங்களிலும், உலோகப் பகுதிகளைத் தனியே கழற்றக்கூடிய ஜாடியை வைத்து இதையே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1922இல் அடன்புரூக் என்பவர் கண்ணாடிக்குப் பதில் பாரஃபின் மெழுகில் ஜாடி செய்து கழற்றிப் பார்த்தபோது, மின்னூட்டம் உலோகத்தோடுதான் போனது. கண்ணாடியின் மேல் படிந்த ஈரப்படலமே அங்கே ஒரு மின்கடத்தியாக நின்று, உலோகத்தைப் பிரிக்கும்போது மின்னூட்டத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஜாடியைப் பாழாக்கும் அதே ஈரம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கோட்பாட்டையே திசைதிருப்பியிருக்கிறது.

ஆனால் நடுவே நிற்கும் தடுப்புக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஜாடியை ஒருமுறை வெளியேற்றிவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா வையுங்கள். மறுபடி கம்பியைக் கொண்டுபோனால், பல சமயம் இன்னொரு குட்டிப் பொறி வரும். மின்னழுத்தத்தால் தடுப்புக்குள்ளே மெல்லத் திரும்பி நின்ற மூலக்கூறுகள் அதே மெதுவோடு பழைய நிலைக்குத் திரும்பும்போது, கடத்திகளில் மீண்டும் கொஞ்சம் மின்னழுத்தம் தலைதூக்குகிறது. கண்ணாடியில் இது அதிகம், பாலிப்ரொப்பிலீனில் மிகக் குறைவு. அதனால் எடுத்து வைக்கும்போது உருண்டையையும் வெளித் தாளையும் ஒரு கம்பியால் இணைத்தே வையுங்கள். தொழிற்சாலைகளில் உயர் மின்னழுத்த மின்தேக்கிகளைக் கிடங்கில் அடுக்கும்போதும் முனைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டித்தான் வைக்கிறார்கள்.